மலையேறாத குரல்

என் புகுந்த வீட்டுச் சாமி இசக்கியம்மன். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு கண்ணை உருட்டி நிற்பாள். பிள்ளைகளுக்குக் காவல்தான், ஆனால் பொல்லாத கோபக்காரி. நானும் கோபக்காரி என்பதால் எங்கள் இரண்டு பேருக்கும் ஆரம்பத்திலிருந்தே அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. கல்யாணமாகி, எறணாகுளத்துக்குப் பக்கத்து மட்டாஞ்சேரிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் சாமி காரியம் என்று வந்துவிட்டால் இந்த வீட்டு ஆம்பிளைகளுக்கு நான் நேற்று வந்தவள். கொடைத் திருவிழாவுக்குப் பாத்திரம் விளக்க நான் வேண்டும், பொங்கலுக்கு அரிசி களைய நான் வேண்டும், வாய் மட்டும் திறக்கக் கூடாது. எனக்கு வாயை மூடி வைத்துப் பழக்கமில்லை. பஜார் ரோட்டுக் கிடங்கில் என்னோடு சுக்கு தரம் பிரிக்கிற பெண்கள் என்னை ‘வெடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். சந்தனமாரி என்கிற பெயர் ரேஷன் கார்டோடு சரி.

எங்கள் சந்தில் இருப்பவர்கள் எல்லாரும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். மூட்டை தூக்க வந்த தாத்தாமார் ஊர்க்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து, சந்தின் கோடியில் அம்மனுக்கு ஒரு பீடம் போட்டார்கள். வருஷத்துக்கு ஒரு கொடை. அன்றைக்கு மேளம் முழங்கும்போது என் கணவரின் அண்ணன் பாண்டித்துரை மேல் அம்மன் இறங்குவாள். மற்ற நாட்களில் அத்தான் முட்டிவலிக்காரர். மூட்டை சுமந்து சுமந்து தேய்ந்த முட்டி. சிவப்புப் பட்டைக் கட்டிக்கொண்டு பிரம்பைக் கையில் எடுத்துவிட்டால் அந்த முட்டி எங்கே போகும் என்று தெரியாது, அப்படி ஓர் ஆட்டம். கேட்பவர்களுக்குக் குறி சொல்வார். பிறகு நெற்றியில் திருநீறு போட்டால் சாமி அவரை விட்டுப் போய்விடும். மலையேறுவது என்போம் அதை. மலையேறியதும் அத்தான் பொத்தென்று உட்கார்ந்து சாயா கேட்பார். என்ன சொன்னோம், என்ன செய்தோம் என்று அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது.

அவருக்கு இரண்டும் பெண்கள், ஆலுவாவில் கட்டிக்கொடுத்துவிட்டார். தனக்குப் பிறகு அம்மன் யார் மேல் இறங்குவாள் என்கிற கவலை அவரைத் தின்றுகொண்டிருந்தது. என் மகன் பெயர் இசக்கிதுரை. பெயர் வைத்ததே அவர்தான். அவனுக்கு மீசை முளைத்ததிலிருந்து ஒவ்வொரு கொடைக்கும் மேளத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, உடம்பு ஆடுகிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். இவன் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டு நிற்பான்.

இசக்கிதுரை எங்களுக்கு ஒரே பிள்ளை. ஐ.டி.ஐ.யில் ஏசி மெக்கானிக் படித்துக்கொண்டிருந்தான். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான், மலையாளம் என்றால் கடகடவென்று போகும். சாப்பாட்டில் குறை வைக்க மாட்டான், அவன் உட்கார்ந்துவிட்டால் தோசைக்கல்லை இறக்க முடியாது. அவன் சிரித்தால் பக்கத்து வீட்டில் கேட்கும்.

அந்தச் சிரிப்பு இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம் நின்றது. முதலில் தூக்கம் போயிற்று. அப்புறம் வகுப்புக்குப் போவது நின்றது. போனை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தான். கேட்டதற்கு, அதற்குள்ளிருந்து தன்னைப் பார்க்கிறார்கள் என்றான். தோசையைப் பிய்த்து மோந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவான். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டு, யாருக்கோ மெதுவாகப் பதில் சொல்வான். கடைசியில் ஒருநாள் அவனுடைய பெரியப்பாவிடம் போய், ஒரு பொம்பிளைக் குரல் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது என்று சொன்னான்.

அத்தான் அழுதே விட்டார். சந்து முழுக்கச் செய்தி பரவ அரை நாழிகை ஆகவில்லை. இசக்கி தன் பெயர் வைத்த பிள்ளையிடமே பேசிவிட்டாள் என்றார்கள். பழம் வந்தது, பூ வந்தது. பெரிய பெரிய ஆட்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் பிள்ளையைக் கும்பிட்டார்கள். என் கணவர் நல்லசிவம் சரக்கு ஏற்றுகிற பெட்டி ஆட்டோ ஓட்டுகிறவர், தானுண்டு தன் வண்டியுண்டு என்று இருக்கிற மனிதர். அவர்கூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக ஊர் அவருக்கு வணக்கம் சொல்கிறது, பாவம்.

சாமி வந்த உடம்பை நான் எத்தனையோ கொடையில் பார்த்திருக்கிறேன். அதில் ஆங்காரம் இருக்கும், ஆவேசம் இருக்கும், பயம் இருக்காது. என் பிள்ளை கண்ணில் பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. எங்கள் பிள்ளைகள் பயத்தை மலையாளத்தில் ‘பேடி’ என்பார்கள். பீரோ இடுக்கிலிருந்து அவன் என்னிடம் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

அடுத்த தெருவில் ஷபானா இருக்கிறாள். ஆஷா பணியாளர், கொசு மருந்திலிருந்து பிரசவம் வரை எங்கள் வார்டில் அவள் பார்க்காத காரியம் இல்லை. அவளிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் பதறவும் இல்லை, பாவம் என்று உச்சுக்கொட்டவும் இல்லை. எப்போது ஆரம்பித்தது, தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று கேட்டாள். பிறகு தன் அண்ணன் யூசுப் கதையைச் சொன்னாள். அவரும் இதே வயதில் இப்படித்தான் ஆனாராம். தர்கா தர்காவாகக் கூட்டிக்கொண்டு அலைந்து, வருஷக்கணக்கில் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம். இப்போது குணமாகி இருக்கிறார். ஆனால் போன வருஷங்கள் போனவைதான், படிப்பும் போயிற்று, கட்டிக்கொள்ள இருந்த பெண்ணும் போனாள்.

“சேச்சி, இது அசுகம். காய்ச்சல் மாதிரி இதும் ஒரு அசுகந்தான். நேரத்தே கொண்டுபோனா சீக்கிரம் மாறும். இப்படியே வச்சிட்டிருக்க வேண்டா,” என்றாள். எறணாகுளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒரு பிரிவு இருக்கிறதாம். திருப்பூணித்துறைக்காரி ஒரு டாக்டர் பார்க்கிறார், தமிழ் பேசுவார் என்று பெயரையும் சொல்லி அனுப்பினாள்.

நான் வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் காதைப் பொத்தாத குறை. சாமி குத்தம் ஆகிவிடும், கொடை கழியட்டும் என்றார். கொடைக்கு மூன்று வாரம் இருந்தது. வெள்ளிக்கிழமை கால்நாட்டு, கொடைக்குப் பந்தக்கால் நடுகிற நாள். அன்றைக்குப் புதுச் சாமியாடி என்று என் பிள்ளைக்குப் பட்டுக் கொடுத்துவிட்டால் அவன் விரதம் ஆரம்பித்துவிடும். ஒருவேளைச் சாப்பாடு, பீடத்துத் தரையில் படுக்கை, ராத்திரி கண் விழிப்பு. காய்ச்சல் அடித்தாலும் மாத்திரை தொடக் கூடாது. ஏற்கெனவே தூங்காமல் தின்னாமல் கிடக்கிற பிள்ளையை இன்னும் மூன்று வாரம் தூங்காமல் தின்னாமல் போட்டால் என்ன ஆவான் என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்று சந்துக்கே கேட்கிற மாதிரி கத்தினேன், அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நானே இழுத்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அவன் என்னோடு வாசல்படி தாண்ட மாட்டான். பஜாரில் இருக்கிற ஒவ்வொரு கேமராவும் தன்னையே பார்க்கிறது என்று சொல்லிக் கதவைப் பிடித்துக்கொள்வான். அவன் வெளியே வருவது ஒரே ஒரு ஆள் கையைப் பிடித்துக்கொண்டுதான், பெரியப்பா கை. ஆக, அத்தான் மனசு மாறாமல் என் பிள்ளை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கப் போவதில்லை. சாமியாடியிடமே போய் இது சாமி இல்லை என்று சொல்ல வேண்டும், அதுவும் நேற்று வந்தவள் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரம். பீடத்துக்கு முன்னால் ஆம்பிளைகள் எல்லாரும் கூடியிருந்தார்கள். கால் நட்டாயிற்று. தாம்பாளத்தில் சிவப்புப் பட்டும் பிரம்பும். அத்தான் கையைப் பிடித்தபடி இசக்கிதுரை நின்றான், சட்டைக்குள் எலும்பு தெரிந்தது. சந்துக்கு மூத்தவர் வீரபாண்டி பட்டை எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டியபோது நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். பொம்பிளைகள் நிற்கிற இடம் அதில்லை. வீரபாண்டி முறைத்தார். நான் அவரைப் பார்க்கவே இல்லை.

“அத்தான், ஒரு சங்கதி கேக்கணும்,” என்றேன். “உங்க மேல அம்மன் வந்தா, எப்ப மலையேறுவா?”

தெரிந்ததையே எதற்குக் கேட்கிறாய் என்கிற மாதிரி பார்த்தார். “துண்ணூறு போட்டா ஏறிருவா.”

“இவனுக்குப் போடுங்க.”

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அத்தான் என்னை நோகடிக்கிறவர் இல்லை. பிள்ளையைப் பெற்றவள் கேட்கிறாள், போட்டால் என்ன என்றுதான் நினைத்திருப்பார். திருநீற்றுக் கொப்பரையிலிருந்து ஒரு பிடி எடுத்து, அம்மன் பேரைச் சொல்லி, அவன் நெற்றி நிறையப் பூசினார். கண்ணை மூடிக்கொண்டு நின்றான் என் பிள்ளை. எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தோம். நானும்தான் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, ஒருவேளை இவர்கள் சொல்வதுதான் சரியாக இருந்துவிட்டால் நல்லதாயிற்றே என்றுகூட அந்த நிமிஷம் இருந்தது. திருநீற்றோடு போய்விட்டால் நான் அம்மனுக்குத் தினமும் விளக்குப் போட்டிருப்பேன்.

“போயிட்டாளா ராசா?” என்று கேட்டார் அத்தான்.

அவன் இல்லை என்று தலையாட்டினான். அத்தான் இன்னொரு பிடி எடுத்துப் பூசினார். மஞ்சத்தண்ணி தெளித்தார். வேப்பிலையால் தடவினார். ஒவ்வொரு தடவையும் போயிட்டாளா என்று கேட்டார்.

“போகல பெரியப்பா. எப்பமும் பேசிட்டே இருக்கு. சோறு தின்னாதங்குது. அம்மா வெசம் வச்சிருக்கான்னு சொல்லுது.” அவன் அத்தான் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “எனக்குப் பேடியாவுது. இத நிறுத்தச் சொல்லுங்க பெரியப்பா.”

மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அத்தான் திரும்பிப் பீடத்தைப் பார்த்தார். இடுப்பில் பிள்ளையோடு நிற்கிற அம்மனை அவர் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. வாரிசு கிடைத்துவிட்டான் என்று அழுத மனிதர். ஊரே கூடி நிற்கிறது. தாம்பாளத்தில் பட்டு இருக்கிறது. அவர் என்ன சொன்னாலும் அதுதான் அங்கே தீர்ப்பு.

“பச்சப்பிள்ளையப் பட்டினி போடுததுக்கு அவ வரமாட்டா,” என்றார். “இது நம்ம அம்மா இல்ல.”

வீரபாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தான் பட்டை நான்காக மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். இந்த வருஷமும் முட்டி வலியோடு தானே ஆடிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “எந்த ஆஸ்பத்திரி மாரி? காலையில எத்தன மணிக்குப் போணும்?”

அன்றைக்கு நான் என் மூத்தார் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். கல்யாணத்தன்று கும்பிட்டது சடங்குக்கு, இது மனசார.

மறுநாள் காலையில் பஸ்ஸில் போனோம். அவனை ஜன்னலோரம் உட்காரவைத்து, கேமரா எதுவும் பார்க்க முடியாதபடி அத்தான் தன் துண்டை ஜன்னலில் விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். தோப்பும்படிப் பாலம் தாண்டும்வரை கை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தார். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தான். நான் பார்த்த பார்வையில் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டான்.

டாக்டர் பெயர் அனந்தலக்ஷ்மி. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காராமல் நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். எங்களை விட்டுவிட்டு முதலில் அவனிடம்தான் பேசினார், அதுவும் மலையாளத்தில். என்ன கேட்கிறது, எப்போது அதிகமாகிறது, எது பயமாக இருக்கிறது என்று. ஒன்றைக்கூட ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று அடித்துப் பேசவில்லை. நெற்றி நிறையத் திருநீற்றோடு உட்கார்ந்திருந்த அத்தானிடம், சாமி வருவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் பார்த்தீர்கள் என்று கேட்டார். கிண்டலுக்குக் கேட்கவில்லை, அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டார். அத்தான் முதுகு அப்போதுதான் நிமிர்ந்தது.

“நல்ல வேளை, சீக்கிரமே அழைச்சுண்டு வந்துட்டேள்,” என்றார் எங்களிடம். “இது மூளைக்கு வர்ற வியாதி. யார் மேலயும் தப்பில்லே, உங்க வளர்ப்பு மேலயும் இல்லே. ஆரம்பத்துலயே பிடிச்சுட்டா முக்காவாசிப் பேர் படிப்புக்கும் வேலைக்கும் திரும்பிடறா. ஆனா மருந்து மட்டும் போறாது. நாங்க, நீங்க, அவன் எல்லாருமா சேர்ந்து இழுக்கணும்.”

இழுத்தோம். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. முதல் மாதம் மாத்திரையில் அவன் தூங்கித் தூங்கி விழுந்தான், அடுத்த மாதம் உடம்பு ஊதியது. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஸுப்ரியா என்று ஒரு பெண் வாரா வாரம் வீட்டுக்கே வருவாள். அவனோடு நடக்கப் போவாள், குரல் கேட்கும்போது என்ன செய்யலாம் என்று அவனோடு சேர்ந்து யோசிப்பாள், ஐ.டி.ஐ.க்குப் போய் வாத்தியாரிடம் பேசினாள். வீட்டில் கத்தக் கூடாது என்று எனக்கும் பாடம் நடந்தது. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று சுக்குக் கிடங்கில் கேட்டால் தெரியும். வீட்டில் அடக்கியதையெல்லாம் அங்கே போய்க் கத்தினேன்.

அந்தக் குரல் ஒரே நாளில் போகவில்லை. முதலில் தூரமாயிற்று. அப்புறம் எப்போதாவது வந்தது. ஓணத்துக்கு மேல், எனக்குச் சரியாகிவிட்டது என்று அவனாகவே மாத்திரையை நிறுத்தினான், திரும்ப வந்தது. ஆனால் இந்தத் தடவை அவன் இடுக்கில் போய் ஒளியவில்லை. நேரே அடுப்படிக்கு வந்து, “அம்மா, அது பின்னயும் வந்திருக்கு, டாக்டரப் பாக்கணும்,” என்றான். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பயப்பட வேண்டிய நேரம், எனக்குப் பெருமையாக இருந்தது. எத்தனை பேருக்கு வரும் அந்தத் தைரியம்?

ஒரு வருஷம் பிந்தினாலும் படிப்பை முடித்தான். இப்போது ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில் பழம்பொருள் கடைகளுக்கெல்லாம் ஏசி பார்க்கிறவன் என் பிள்ளைதான். ராஜாக்கள் காலத்துக் கட்டில்களுக்கு நடுவில் ஏணி போட்டு ஏறி நிற்பான். சனிக்கிழமை சனிக்கிழமை அதே ஆஸ்பத்திரிக்குப் போகிறான், தனக்காக மட்டும் இல்லை. புதிதாக வருகிற பிள்ளைகள் பேசாமல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருக்குமாம், அவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு டாக்டர் இவனைக் கூப்பிடுகிறார். நான் இதைக் கிடங்கு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

என் கணவர்தான் சொல்ல மாட்டார். சனிக்கிழமை பையன் எங்கே என்று யாராவது கேட்டால், ஆலுவாவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறான் என்பார். பையன் மேல் பாசத்துக்குக் குறைவில்லை. அவன் தூங்காத நாட்களில் விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். ஆனால் ஊர் வாய்க்குப் பயம், அன்றைக்குப் பீடத்தில் நடந்ததை ஊர் மறந்துவிட்டது என்று நினைப்பு. ஆலுவா ஆலுவா என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் சிரித்துக்கொண்டே, விடுங்கம்மா, அப்பாவுக்கும் கொஞ்சம் நேரம் கொடுக்கணும் என்பான். அவனுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த பொறுமை எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

இந்த வருஷக் கொடை வந்தது. மருந்து ஆரம்பித்த பிறகு வந்த இரண்டு கொடைக்கும் அவனை நான் பீடத்துப் பக்கம் விடவில்லை. மேளச் சத்தம் எதையாவது கிளப்பிவிடுமோ என்று பயம். இந்தத் தடவை மைக் செட்டும் லைட்டும் நானே போடுகிறேன் என்று அவனாகவே ஒத்துக்கொண்டு வந்தான். நான் மறித்தேன். “மேளம் வேற, அது வேறம்மா. ரெண்டும் எனக்கறியும்,” என்று சொல்லிவிட்டு வயரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மதியக் கொடை. உச்சிவெயிலில் மேளம் பிளந்தது. அத்தான் மேல் அம்மன் இறங்கினாள். வாரிசு இன்னும் கிடைக்கவில்லை, முட்டியும் சரியாகவில்லை, ஆனால் ஆட்டத்தில் குறையில்லை. பெண்கள் வரிசையாக வந்து குறி கேட்டார்கள். கடைசியாக ஆவுடையம்மாள் வந்தாள், சந்து முனையில் பூ கட்டி விற்கிறவள். அவள் மகள் சுபாஷிணி காலேஜில் படிக்கிற பெண். கொஞ்ச நாளாக அவள் வெளியே வரவில்லை, ஜன்னலில் பேப்பர் ஒட்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று அழுகிறாளாம். ஆவுடையம்மாள் இதை யாரிடமும் சொல்லவில்லை, அவளுடைய பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நானே போய்க் கேட்கட்டுமா என்று துடித்தபோது, அடுத்த வீட்டுக் காரியத்தில் தலையிடாதே என்று என் கணவர் தடுத்துவிட்டார்.

ஆவுடையம்மாள் அம்மன் காலில் விழுந்தாள். என் பிள்ளையை என்ன பிடித்திருக்கிறது, உனக்குக் கிடா வேண்டுமா, பட்டு வேண்டுமா என்று கேட்டு அழுதாள். மேளம் நின்றது. அத்தான் உடம்பு நடுங்கிக்கொண்டு நின்றது. கண்கள் கூட்டத்தைத் துழாவின. மைக் செட்டுக்குப் பக்கத்தில் வயரும் கையுமாக நின்ற என் மகன் மேல் வந்து நின்றன. பிரம்பு அவனை நோக்கி நீண்டது.

“அந்தா நிக்கான் என் பிள்ளை. அவன் போன ஆஸ்பத்திரிக்கு இவளக் கூட்டிட்டுப் போ. நாளைக்கு விடிஞ்சதும் போ. எனக்குக் கிடாவும் வேண்டாம், பட்டும் வேண்டாம்.”

மைக் திறந்திருந்தது. சந்து தாண்டி மெயின் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். நான் கிடங்கில் பெருமை பேசுவது வேறு, இப்படி ஊர் கூடிய இடத்தில் அவனைக் கேட்காமல் சாமியே போட்டு உடைப்பது வேறு. என் கணவர் தலை குனிந்துகொண்டார். அத்தனை கண்ணும் என் மகன் மேல்.

இசக்கிதுரை வயரைக் கீழே வைத்தான். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து ஆவுடையம்மாளைத் தூக்கி நிறுத்தினான். “வரமாட்டேன்னுதான் சொல்லுவா அத்தை. நான் கதவுக்கு வெளியில இருந்து பேசுதேன். எனக்கும் பேடியாத்தான் இருந்துச்சு,” என்றான். சத்தம் போட்டும் சொல்லவில்லை, ரகசியமாகவும் சொல்லவில்லை. ஏசிக்கு என்ன கோளாறு என்று கடைக்காரரிடம் சொல்கிற அதே குரல். கண் கலங்கியது எனக்கு. இதைப் பார்ப்பதற்காகவாவது இந்த அம்மனோடு இத்தனை வருஷம் மல்லுக்கட்டியது தகும் என்று நினைத்தேன்.

திருநீறு போட்டதும் அம்மன் மலையேறினாள். அத்தான் பொத்தென்று உட்கார்ந்து சாயா கேட்டார். டம்ளரை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். “என்ன சொன்னா மாரி?” என்று வழக்கம்போலக் கேட்டார். சொன்னேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “சரியாத்தான் சொல்லியிருக்கா,” என்றார். சொன்னது அம்மனா, அத்தானா என்று கேட்க என் நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. யார் சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

அன்று சாயங்காலம் முழுக்க அவன் ஆவுடையம்மாள் வீட்டுக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. காலையில் கதவு திறந்தது. துப்பட்டாவைக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு சுபாஷிணி அம்மா கையைப் பிடித்தபடி வந்தாள். முன்னால் என் மகன், கையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு பழைய துண்டும். துண்டு எதற்கென்று எனக்குத் தெரியும், பஸ் ஜன்னலுக்கு.

நான் கிடங்குக்குப் போக என் கணவர் வண்டியில் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஸ்டாப்பில் அவர்கள் மூன்று பேரும் நிற்பதைப் பார்த்துவிட்டு, பஜாரில் சுமை இறக்குகிற ஆட்கள் எங்களை நிறுத்தினார்கள். மகன் காலையிலேயே எங்கே கிளம்பிவிட்டான், ஆலுவாவுக்கா என்று ஒருவன் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் வண்டியை நடுரோட்டில் அணைத்தார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஆலுவாவுக்கு இல்ல. ஆஸ்பத்திரிக்கு,” என்றார். அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. “அந்தப் பிள்ளைய எம் மகன் கூட்டிட்டுப் போறான். அவனுக்கு வழி தெரியும்.”